கூடாரவல்லி அக்காரவடிசல்: வெல்லம் சேர்த்ததும் பால் திரிவது ஏன்?

மார்கழிக்கோலம்:
மார்கழி 27, கூடாரவல்லி அன்று வீட்டிலேயே அக்காரவடிசல் செய்து, ஆண்டாளின் திருப்பாவையில் 27ஆம் பாசுரமான 'கூடாரை வெல்லும்சீர்' பாடிப் படைக்க ஆசை. இரண்டு சந்தேகம். வெல்லம் போட்டதும் பால் திரிந்து, அரிசியும் விறைத்துக்கொள்கிறது. பாசுரமோ பூர்வீகல்யாணி ராகத்தில் தொடங்கி பந்துவராளி ராகம் மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?

வெண்கலப்பானை:
அளவு இது: பச்சரிசி 1 டம்ளர், பால் 6 டம்ளர், பொடித்த வெல்லம் 2 டம்ளர், நெய் முக்கால் டம்ளர், பாசிப்பருப்பு 2 ஸ்பூன்.

அரிசி, பருப்பை ஒரு ஸ்பூன் நெய்யில் வாசனை வரும்வரை வறுத்து, கழுவி, கொதிக்கும் பாலில் போடுங்கள். தீ சிறிதாகவே இருக்கட்டும், அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். விரலால் நசுக்கினால் சோறு வெண்ணெய் போலக் குழைய வேண்டும். அதற்கு முன்னால் வெல்லத்தைத் தொடாதீர்கள். வெல்லம் சேர்ந்த பிறகு அரிசி எத்தனை நேரம் கொதித்தாலும் மேற்கொண்டு வேகாது. உங்களுக்கு விறைத்தது அதனால்தான்.

பால் திரிவதற்குக் காரணம் வெல்லத்தின் புளிப்புத்தன்மையும் சூடும் சேர்வது. வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பச்சை வாசனை போக நுரைத்துக் கொதித்ததும் இறக்குங்கள். பாகு பதம் வேண்டாம். சோற்றுப் பானையையும் இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டையும் கலந்து, மறுபடி மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். ஆறினால் இறுகும். அதனால் கரண்டியிலிருந்து வழியும் பதத்திலேயே இறக்கிவிடுங்கள்.

தம்புரா:
கர்நாடக இசை வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டில் இது பூர்வீகல்யாணி. சுத்த ரிஷபமும் பிரதி மத்தியமமும் இரண்டு ராகத்துக்கும் பொது, வித்தியாசம் தைவதத்தில், அதாவது 'த' ஸ்வரத்தில். பூர்வீகல்யாணிக்குச் சதுஸ்ருதி தைவதம். அது கொஞ்சம் இறங்கினாலும் பந்துவராளி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆரோகணம் 'ச ரி க ம ப த ப ஸ', ஏறும்போது நிஷாதம் ('நி') கிடையாது. 'ப த ப ஸ' என்ற பிடியை மட்டும் ஸ்ருதிப் பெட்டியோடு இருபது முறை பாடிவிட்டுப் பிறகு சாகித்தியத்துக்கு வாருங்கள்.

பாசுரப்பித்து:
எட்டு அடிக்கும் எதுகை 'ட' வரிசைதான்: கூடாரை, பாடி, நாடு, சூடகம், பாடகம், ஆடை, மூட, கூடி. அந்த எழுத்தை விழுங்காமல் பாடினால் பாட்டு தானே நிமிர்ந்து நிற்கும். பாடகம் என்றால் காலில் அணியும் நகை. பாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாம் பாசுரத்தில் 'நெய்யுண்ணோம் பாலுண்ணோம்' என்று நோன்பு பிடித்தவர்கள், இங்கே 'பாற்சோறு மூட நெய்பெய்து முழங்கை வழிவார' உண்கிறார்கள். இருபத்தைந்து பாசுரம் காத்திருந்த நெய் அது! 'கூடாரை' என்று கூடாதவர்களில், அதாவது பகைவர்களில் தொடங்கிக் 'கூடி யிருந்து' என்று முடிப்பதை நினைத்து நினைத்து ரசிக்கலாம்.

பாசுரத்தில் வெல்லம் இல்லை, கவனித்தீர்களா? 'நூறு தடா நிறைந்த அக்கார அடிசில்' வருவது ஆண்டாளின் இன்னொரு நூலான நாச்சியார் திருமொழியில், மாலிருஞ்சோலை அழகருக்கு நேர்ந்துகொள்ளும் இடத்தில். பருப்பு மட்டும் எனக்குச் சம்மதமில்லை. சேர்த்தால் சர்க்கரைப் பொங்கல் சாயல் வந்துவிடுகிறது.

மார்கழிக்கோலம்:
மிக்க நன்றி. குக்கரில் வைக்கலாமா? நெய் எப்போது விடுவது?

வெண்கலப்பானை:
வைக்கலாம். உள்பாத்திரத்தில் பால் பாதி உயரத்துக்கு மேல் போகக்கூடாது, பொங்கி வால்வை அடைக்கும். சிறு தீயில் ஆறு விசில் விட்டு, ஆவி அடங்கியதும் மத்தால் மசித்து, மீதிப் பாலை ஊற்றிச் சுண்டவிடுங்கள். நெய்யில் பாதியைக் கிளறும்போது விட்டு, மறுபாதியை முந்திரி வறுத்த சூட்டோடு கடைசியில் மேலே ஊற்றுங்கள். 'மூட' என்றது அதைத்தான். பருப்பு அவரவர் வீட்டு வழக்கம், விட்டாலும் குறையில்லை. பச்சைக் கற்பூரம் மிளகில் பாதி அளவு போதும், ஏலப்பொடியோடு நசுக்கிப் போடுங்கள். கூடினால் கசக்கும்.