பருவெட்டும் இழைப்பும்: சிஎன்சி செதுக்கலுக்கு இரண்டு சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிக் கோப்பைப் படித்துத் தானே வெட்டும் சிஎன்சி எந்திரத்தில் புடைப்புச் சிற்பம் செதுக்கும்போது, முதலில் மரத்தை வாரி எடுக்கும் ஓட்டத்துக்குக் 'கரட்டு வெட்டு' என்றும், பிறகு கண், மூக்கு, நகையெல்லாம் எடுக்கும் ஓட்டத்துக்கு 'முடிப்பு வெட்டு' என்றும் பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை, அதிலும் 'முடிப்பு' வேண்டவே வேண்டாம்.

தெப்பக்குளம் பக்கம் எங்கள் பட்டறையில் வாசல் கதவுக்கு ஒரு கஜலட்சுமி பலகை. தேக்கு, ஆழம் 12 மி.மீ. ஓட்டத்துக்கு ஒரு கோப்பு; பென்டிரைவில் இருந்த இரண்டாவது ஓட்டத்தின் கோப்புக்கு நான் வைத்த பெயர் 'முடிப்பு'. புதிதாகச் சேர்ந்த தம்பி, திருத்தி முடித்த கோப்பு இதுதான் என்று எண்ணி அதையே நேராக ஓட்டிவிட்டான். முனை 1 மி.மீ. உள்ள கூம்பு பிட் (சுழன்று வெட்டும் அலகு), முதல் ஓட்டம் ஓடாத முழு மரத்தில் இறங்கியது. யானையின் துதிக்கை வருமுன்பே டக்கென்று ஒடிந்து, முனை பலகைக்குள்ளேயே பளபளத்துக்கொண்டு நின்றது. தம்பியை என்ன சொல்வது? பெயர் வைத்தது நான்.

அதைப் பார்த்த ஆசாரி அண்ணன், "வெட்டாத மரத்தை எவன்டா இழைப்பான்?" என்றார். நான் தேடிய சொல் அதுதான்: இழைப்பு. முன்னால் ஒரு வெட்டு நடந்திருக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உருண்டை முனை பிட் ஓடுவதும் இழை இழையாகத்தான். இழைத்தல் என்றால் மட்டமாக்குவது மட்டும்தானே என்று கேட்பீர்கள். சந்தனத்தை இழைக்கிறோம், நகையில் கல் இழைக்கிறோம். அங்கெல்லாம் மட்டமாக்கவா செய்கிறோம்?

முதல் ஓட்டத்துக்குப் 'பருவெட்டு'. மில்லில் "பருவெட்டா அரைச்சாப் போதும்" என்கிறோமே, அதே சொல். கரடு என்பது குறையைச் சொல்லும், பருவெட்டு என்றால் தெரிந்தே அந்த அளவில் நிறுத்தியது. 6 மி.மீ. தட்டை முனை பிட், ஒரு அடுக்குக்கு 3 மி.மீ. ஆழம், எல்லாப் பக்கமும் அரை மி.மீ. மிச்சம் விட்டு நிறுத்துகிறோம். அந்த மிச்சம்தான் அடுத்த பிட்டைக் காப்பாற்றும்.

அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே பிட் நகரும் தூரத்துக்கு உழவிலிருந்து 'சால் இடைவெளி' என்று எடுக்கலாம். 600க்கு 300 மி.மீ. பலகையில் 0.1 மி.மீ. சால் இடைவெளி என்றால் 3,000 கோடு, மொத்தம் 1,800 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் 10 மணி நேரம். சால் இடைவெளியை இரட்டித்தால் 5 மணி நேரம்தான், ஆனால் சாலுக்கு நடுவே நிற்கும் மேடு நாலு மடங்காகிவிடும். சாமியின் முகத்துக்கு நான் 0.1ஐ விட்டுக்கொடுப்பதில்லை. பூவேலைக் கரைக்கு 0.2 தாராளம், உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். அப்புறம், மர ரேகையோடு சால் ஓட்டினால் பிசிறு குறையும்.

இப்போது எங்கள் கோப்புகளின் பெயர் '1 பருவெட்டு', '2 இழைப்பு'. மூலை முடுக்குகளை மட்டும் தேடிப்போய் எடுக்கும் மூன்றாவது ஓட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. கல்தச்சர்களோடு பழக்கம் உள்ளவர்கள், மடிப்புகளைச் சின்ன உளியால் தோண்டுவதை அவர்கள் என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்களேன்.