கண்ணாடியில் திருப்பினால் புரொஜெக்டர் படம் இரட்டையாக விழுகிறது

கிளிநொச்சியில் எங்கள் முன்னறை 8 அடி நீளம்தான். எங்கள் புரொஜெக்டர் எப்சன் ஈபி-எக்ஸ்05, 80 அங்குலப் படத்துக்கு லென்சிலிருந்தே 8 அடி கேட்கிறது. பெட்டியை எங்கே வைப்பது? போன மாதம் அதைப் பின்சுவரோரம் குறுக்கே வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒளியைத் திருப்பினேன். இடவலம் மாறியதை மெனுவில் 'ரியர்' போட்டுச் சரிசெய்தாச்சு. ஆனால் சப்டைட்டிலில் ஒவ்வொரு எழுத்தோடும் மங்கலாக இன்னொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபோகஸ், கீஸ்டோன் (படத்தின் கோணலை நிமிர்த்துவது) திருகியும் மாற்றமில்லை. 5 மில்லிமீட்டர் கண்ணாடியை எடுத்துவிட்டு 3 போட்டேன்; நிழல் கிட்ட வந்ததே தவிர போகவில்லை. ரசம் பின்பக்கம் இருப்பதால் கண்ணாடியின் முன்முகமும் கொஞ்சம் ஒளியைத் திருப்புகிறது, அதுதான் வில்லங்கம். பழைய போட்டோகொப்பி மெசினுக்குள் முன்பக்கம் ரசம் பூசியது இருக்கும், ஆனால் ஒடுங்கிய பட்டி. (எங்கள் செம்மண் தூசியில் அதை எப்படித் துடைப்பது என்பது வேறு கதை.)

வவுனியா, யாழ்ப்பாணப் பக்கம் முன்பக்க ரசக் கண்ணாடி, ஓரடிச் சதுரம், எங்கே வாங்கலாம்?