பிரீபிரின்ட்டுக்குத் தமிழ்: ‘முன்வைப்பு’ என்று சொல்லிப் பார்ப்போமே

நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பிரீபிரின்ட், அதாவது இதழின் மதிப்பாய்வு முடியும் முன்பே ஆய்வாளர்கள் இணையத்தில் ஏற்றிவிடும் கட்டுரை, என்பதற்கு மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் பற்றிச் சொல்ல எனக்கு ஏதோ இருக்கிறது. அதற்கு முன்னால், இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

2023 ஜூலை கடைசி வாரம். ஒரு வார இதழின் அறிவியல் பக்கத்துக்கு அப்போது நான் மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தென் கொரியாவிலிருந்து அந்தச் செய்தி வந்தது, எல்கே-99. ஈயம், பாஸ்பரஸ், ஆக்சிஜன், கொஞ்சம் தாமிரம் சேர்ந்த ஒரு பொருள், சாதாரண அழுத்தத்தில், 127 டிகிரி செல்சியஸ் வரைக்கும் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் என்றார்கள். இப்படிக் கடத்தும் பொருளைத்தான் மீக்கடத்தி என்கிறோம். அதுவரை சாதாரண அழுத்தத்தில் எந்த மீக்கடத்தியும் மைனஸ் 130 டிகிரியைக்கூடத் தாண்டியதில்லை. காந்தத்தின் மேல் ஒரு ஓரம் மட்டும் தூக்கி நிற்கும் கருப்புத் துண்டின் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘அறை வெப்பநிலையில் மீக்கடத்தி: ஆய்வுக் கட்டுரை வெளியானது’ என்று நான் தலைப்பு வைத்தேன்.

இதழ் கடைக்கு வந்த அன்று சாயங்காலம் ஒரு வாசகர் கூப்பிட்டார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். “சார், அப்போ இனிமே லைன் லாஸே இருக்காதுங்களா?” என்றார். கம்பியில் போகும்போது மின்சாரம் வீணாவதைச் சொன்னார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது. கம்பியிலேயே வாழ்ந்த மனிதர். “இல்லைங்கய்யா, இன்னும் யாரும் சரிபார்க்கலை. அவங்களா எழுதி இணையத்தில் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “வெளியானதுன்னுதானே சார் போட்டிருக்கீங்க?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு ‘வெளியானது’. அரசாணை ‘வெளியானது’. இறுதி வாக்காளர் பட்டியல் ‘வெளியானது’. தமிழில் வெளியானது என்றால் முடிந்துவிட்டது, இனி மாறாது என்று பொருள். அதே வினையைப் போட்டு, ஜூலை 22ஆம் தேதி ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையதளத்தில் ஆய்வாளர்களே ஏற்றிய ஒன்றை நான் சொல்லிவிட்டேன்.

அடுத்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல நாட்டு ஆய்வகங்கள் அந்தப் பொருளைச் செய்து பார்த்தன. மீக்கடத்தல் தென்படவில்லை. மின்தடை திடீரென்று விழுந்ததற்குக் காரணம், மாதிரியில் கலந்திருந்த தாமிர சல்ஃபைடு என்று தெரியவந்தது. 100 டிகிரிக்குச் சற்று மேலே அது படிக அமைப்பு மாறுகிற பொருள். அந்த மாற்றத்தில் அதன் மின்தடை சட்டென்று மாறும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அழுக்கே இல்லாத படிகம் வளர்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் படிகமாக இருந்தது. மின்சாரத்தைக் கடத்தவே இல்லை, அது ஒரு காப்பான்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

> முன்அச்சு போதும். ஆங்கிலத்தில் உள்ளது அப்படியே வந்துவிடுகிறது. புதிதாக யோசிக்க என்ன இருக்கிறது?

ஐயா, ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்த காலத்தில் அது உண்மை. இயற்பியல் ஆய்வகங்கள் கட்டுரையைப் படியெடுத்து உறையில் போட்டு ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தன. இதழில் அச்சாகும் முன்னால் கைக்கு வந்த தாள் அது. 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸில் பால் கின்ஸ்பார்க் ஆர்க்கைவைத் தொடங்கியதும் அந்தத் தபால் வழக்கம் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. இன்று அச்சும் இல்லை, தாளும் இல்லை. இல்லாத அச்சைத் தமிழில் புதிதாகக் கொண்டுவர வேண்டுமா? தவிர, முன் அச்சு என்றால் லாரிப் பட்டறையில் வேறு பொருள். முன் சக்கரங்கள் மாட்டியிருக்கும் அச்சு. பேச்சில் ஏற்கெனவே உயிரோடு இருக்கிற சொல்லை நாம் பிடுங்க வேண்டாம்.

> வரைவுக் கட்டுரை என்போம். வரைவு வாக்காளர் பட்டியலை அரசு ஊரறிய வைத்து ஆட்சேபம் கேட்பதில்லையா? அதே வேலைதானே இது?

இந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் இதன் பக்கமே இருந்தேன். பொதுவில் வைப்பது, குறை சொல்ல அழைப்பது இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் வரைவு என்றாலே பின்னால் ஓர் இறுதி உண்டு என்று ஆகிவிடுகிறது. வாக்காளர் பட்டியலுக்கு இறுதித் தேதி இருக்கிறது. இதற்குக் கிடையாது. ரஷ்யக் கணிதர் கிரிகோரி பெரல்மான் 2002 நவம்பரிலும் 2003லுமாக ஆர்க்கைவில் மூன்று கட்டுரைகள் போட்டார். ஏறக்குறைய நூறு வருடம் யாருக்கும் பிடிபடாத புவான்கரே ஊகம் என்ற கணிதப் புதிரின் நிறுவல் அது. எந்த இதழுக்கும் அவர் அனுப்பவில்லை. கணிதர்கள் வருடக்கணக்கில் வரிவரியாகப் படித்துச் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். 2006இல் கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவித்தார்கள், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கட்டுரைகளை வரைவு என்று சொல்ல என்னால் முடியாது.

> அவையேறாக் கட்டுரை. நம் மரபிலேயே இருக்கிறது.

சேலத்து அம்மா எழுதிய இந்த மடலைத்தான் நான் பலமுறை படித்தேன். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமற விளக்கிக் காட்டப்பட்டது என்று பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. நூல் எழுதினால் மட்டும் போதாது, துறை அறிந்த ஒருவர் முன்னால் நின்று தாங்க வேண்டும் என்பது நமக்குப் பழைய பழக்கம்தான். ஒரு கட்டுரையை அதே துறை வல்லுநர்கள் சரிபார்ப்பதை, சக மதிப்பாய்வு என்று இன்று வறட்சியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு ‘அவையேற்றம்’ அருமையான சொல். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அரங்கேற்றம் என்று போகாமல் அவை என்று போனதும் சரி. செய்தித்தாள்களில் இன்று கொலையும் கொள்ளையும்தான் அரங்கேறுகின்றன.

ஆனால் பிரீபிரின்ட்டுக்கு அவையேறா என்று பெயர் வைத்தால், இல்லாததை வைத்தே ஒன்றுக்குப் பெயர் சூட்டுகிறோம். பெயரிலேயே ஒரு குறை ஒட்டிக்கொள்கிறது. 2020 ஜூனில் டெக்ஸாமெத்தசோன் பற்றிய ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவச் சோதனையின் கட்டுரை முதலில் மருத்துவத்துக்கான மெட்ஆர்க்கைவ் தளத்தில்தான் வந்தது. செயற்கை சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை அந்த மலிவான மருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மாதக்கணக்கில் இதழுக்காகக் காத்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்? இன்னொரு பக்கம், அதே வருடம் ஜனவரி கடைசியில் கொரோனா வைரஸில் எச்ஐவியின் துண்டுகள் இருப்பதாக டெல்லி ஆய்வாளர்கள் உயிரியலுக்கான பயோஆர்க்கைவ் தளத்தில் ஒரு கட்டுரை போட்டார்கள். உலகெங்கும் இருந்து மறுப்பு வந்தது. ஓரிரு நாளில் அவர்களே அதை விலக்கிக்கொண்டார்கள். வைரஸை யாரோ செய்தார்கள் என்ற வதந்தி மட்டும் விலகவில்லை. இரண்டும் ஒரே வகைப் பொருள். பெயர் ஒன்றைத் தூக்கி வைக்கவும் கூடாது, இன்னொன்றைத் தாழ்த்தவும் கூடாது.

அவையேறியதெல்லாம் மெய்யா என்ற கேள்வியும் இருக்கிறது. எல்கே-99க்கு நான்கு மாதம் முன்னால், 2023 மார்ச்சில், ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரங்கா டயஸ் குழு ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதுவும் அறை வெப்பநிலை மீக்கடத்திதான், லுட்டீஷியம் சேர்ந்தது. முறையாக மதிப்பாய்வு ஆகி வந்தது. அந்த நவம்பரிலேயே இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அவையேறா என்ற சொல்லைக் கேட்கும் வாசகர், ஏறியதை நிம்மதியாக நம்பிவிடுவார். அதற்கு நாம் இடம் கொடுக்க வேண்டாமே.

என் பரிந்துரை: முன்வைப்பு. நீட்டிச் சொன்னால் முன்வைப்புக் கட்டுரை.

‘கருத்தை முன்வைத்தார்’, ‘கோரிக்கையை முன்வைத்தனர்’ என்று தினமும் எழுதுகிறோம். முன்வைத்தது ஏற்கப்பட்டது என்று யாரும் நினைப்பதில்லை. தள்ளப்பட்டது என்றும் நினைப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் கண்ணெதிரே ஒருவர் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அவ்வளவே. ‘முன்’ என்பதில் காலமும் இருக்கிறது, இடமும் இருக்கிறது.

இதைவிட எனக்கு முக்கியம், இதில் வினை இருக்கிறது. நாம் கலைச்சொல் என்றாலே பெயர்ச்சொல் தேடுகிறோம். லைன்மேன் ஐயாவை ஏமாற்றியது பெயர்ச்சொல் இல்லை. ‘கட்டுரை’ என்பதில் தப்பில்லை, ‘வெளியானது’ என்பதில்தான் தப்பு. முன்அச்சு என்று நான் போட்டிருந்தாலும், ‘முன்அச்சு வெளியானது’ என்றுதான் எழுதியிருப்பேன், அவர் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். ஏனென்றால் முன்அச்சுக்கு என்று ஒரு வினை இல்லை. முன்வைப்பு என்றால் வாக்கியம் தானாகத் திருந்துகிறது: ‘அறை வெப்பநிலை மீக்கடத்தி: கொரிய ஆய்வாளர்கள் முன்வைப்பு’. ‘கண்டுபிடித்தனர்’ என்று எழுதக் கை போனாலும் இந்தச் சொல் நிறுத்தும். தமிழில் வாக்கியத்தின் பாரம் கடைசியில் வரும் வினைமேல்தான் விழுகிறது. கலைச்சொல் அந்த இடத்துக்குப் போகாவிட்டால் செய்தியில் அது வேலை செய்யாது.

கிளைச்சொற்களும் சுலபமாக வருகின்றன. ஆர்க்கைவ் போன்ற தளம் முன்வைப்பகம். ஒரே கட்டுரையைத் திருத்தித் திரும்ப ஏற்றினால் முன்வைப்பு 1, முன்வைப்பு 2.

அன்புடன்.

*

நேற்றைய மடலுக்கு வந்த மறுப்புகளுக்கு:

> முன்வைப்புத் தொகை என்று டெண்டர் விளம்பரங்களில் வருகிறதே? வங்கி வைப்பு மாதிரி ஒலிக்கிறது.

உண்மைதான், நான் இதை யோசிக்கவில்லை. முன்வைப்பு என்று தனியாக நின்றால் காசு நினைவு வரலாம். அதனால் செய்தியில் முதல் முறை வரும்போது ‘முன்வைப்புக் கட்டுரை’ என்று முழுதாகவே எழுதுவோம். பிறகு வரும் இடங்களில் முன்வைப்பு போதும். வினையாக வரும்போது இந்தச் சிக்கலே இல்லை.

> முன்மொழிவு இருக்கிறதே?

முன்மொழிவு என்பது இனி செய்யப்போகும் வேலைக்கு. திட்ட முன்மொழிவு, தீர்மான முன்மொழிவு. இவர்கள் வேலையை முடித்து, முடிவோடு வந்திருக்கிறார்கள். ஆகாது.

> யாரும் சரிபார்க்கவில்லை என்பது இந்தச் சொல்லில் தெரியவே இல்லை. வாசகரை எச்சரிப்பது நம் கடமை இல்லையா?

யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டிருக்கிறார். கடமைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மெட்ஆர்க்கைவ் தன் பக்கத்திலேயே, இவை மதிப்பாய்வில் சான்று பெறாதவை, உறுதியான தகவலாகச் செய்திகளில் போடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கை முழுவதையும் ஒரு சொல்லின் தலையில் ஏற்றினால் சொல் நொண்டும். அதை வாக்கியமாகவே எழுதலாம். நான் மாதிரிக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன்:

‘எல்கே-99 என்ற பொருள் 127 டிகிரி வரை மீக்கடத்தியாக இருப்பதாகத் தென் கொரிய ஆய்வாளர்கள் ஆர்க்கைவ் முன்வைப்பகத்தில் ஒரு கட்டுரையை முன்வைத்துள்ளனர். அது இன்னும் அவையேறவில்லை. மற்ற ஆய்வகங்கள் இப்போதுதான் செய்து பார்க்கின்றன.’

மூன்று வாக்கியம். சேலத்து அம்மாவின் சொல்லும் உரிய இடத்தில் வந்துவிட்டது, அதுவும் வினையாக. அன்று இப்படி எழுதியிருந்தால் லைன்மேன் ஐயா என்னைக் கூப்பிட்டிருப்பார், ஆனால் “எப்போ சார் தெரியும்?” என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இருந்திருக்கும்.

பேராசிரியர் ஐயா தனி மடலில், மாணவர்களிடம் சொல்லிப் பார்த்ததாகவும், ‘முன்வைச்சுட்டாங்களா, அவையேறிடுச்சா’ என்று வகுப்பிலேயே அவர்கள் பேச ஆரம்பித்ததாகவும் எழுதியிருந்தார். அனுமதி வாங்கித்தான் இங்கே சொல்கிறேன்.

அடுத்ததாக ரிட்ராக்‌ஷன், அதாவது வெளியான கட்டுரையைத் தப்பு என்று அறிவித்து விலக்குவது. ‘திரும்பப் பெறுதல்’ என்றுதான் இதுவரை எழுதிவருகிறோம், நேற்று நானும் அப்படியே எழுதினேன். வேட்புமனுவைத் திரும்பப் பெறலாம், மறுநாள் அது இல்லாமலே போய்விடும். கட்டுரை அப்படி மறைவதில்லை. தப்பு என்ற குறியோடு அதே இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. ஆசிரியர்களே விலக்கிக்கொள்வதற்கும் இதழ் நீக்குவதற்கும் நாம் இரண்டு வினை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. புது இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.