பி.டி.யா எம்.டிவ்வா? வேலைய விட்டுட்டு செமினரி (இறையியல் கல்லூரி) போலாம்னு இருக்கேன், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பம்ப்செட்_தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வயசு 27, மெக்கானிக்கல் முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில அஞ்சு வருஷமா இருக்கேன். சொந்த ஊரு நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ (தென்னிந்திய திருச்சபை) குடும்பம், தாத்தா உபதேசியாரா, அதாவது ஐயருக்கு கீழ சபைய பாத்துக்கறவரா இருந்தவரு. ரெண்டு வருஷமாவே முழுநேர ஊழியத்துக்கு போகணும்னு மனசு அரிச்சிக்கிட்டே இருக்கு. இங்க நான் போற சபை சுயாதீன சபை, அந்த பாஸ்டர் எம்.டிவ் (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) பண்ணுங்க பிரதர் மூணே வருஷம், முடிச்சிட்டு இங்கயே யூத் பாஸ்டரா வந்துடுங்கங்கறாரு. ஊர்ல அம்மா, போறதுன்னா ஒழுங்கா பி.டி (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி) படிச்சி நம்ம சபைல ஐயராகு, அதான் குருவானவராகு, இல்லன்னா இருக்கற வேலைய பாருன்னுட்டாங்க. நெட்ல தேடினா ஒருத்தன் செராம்பூர்ங்கறான் ஒருத்தன் ஏ.டி.ஏங்கறான், தல சுத்துது. ரெண்டுல எதுக்கு மதிப்பு ஜாஸ்தி? அப்புறம் கிரேக்கம் எபிரேயம் எல்லாம் உண்டாமே, இங்கிலீஷ்லயே அரியர் வச்சவன் நான், தேறுவேனா?

சேகரத்து_ஐயர்:
தம்பி, ஸ்தோத்திரம். நான் சி.எஸ்.ஐ.ல குருவானவர், குருப்பட்டம் வாங்கி 14 வருஷமாச்சு. மொதல்ல அந்த செராம்பூர் குழப்பத்த தீத்துடறேன். கல்கத்தா பக்கத்துல கேரி, மார்ஷ்மேன், வார்டு மூணு பேரும் 1818ல ஆரம்பிச்ச காலேஜ் அது. அந்த ஊரு அப்ப டென்மார்க் கையில இருந்துச்சு, அதனால 1827ல டேனிஷ் ராஜா பட்டம் குடுக்கற அதிகாரத்தையே சாசனமா எழுதி குடுத்துட்டாரு. (நம்ம தரங்கம்பாடிக்கு 1706ல சீகன்பால்குங்கற மிஷனரிய அனுப்புனதும் டென்மார்க் ராஜாதான். அவரு 1716லயே அங்க உபதேசியார்களுக்கு ஒரு செமினரி வச்சிட்டாரு, ஆகவே நீங்க ஒண்ணும் புதுசா கிளம்பல.) இன்னைக்கு மதுரை அரசரடில இருக்கற டி.டி.எஸ் (தமிழ்நாடு இறையியல் கல்லூரி), சென்னை குருகுல், பெங்களூர் யு.டி.சி மாதிரி செமினரிங்க எல்லாம் பாடம் நடத்துவாங்க, பட்டம் செராம்பூர் செனட் குடுக்கும். டிகிரி முடிச்சவங்களுக்கு பி.டி நாலு வருஷம். டி.டி.எஸ்ல தமிழ்லயே படிக்கலாம், அதனால அரியர பத்தி கவலப்படாதீங்க.

ஏ.டி.ஏங்கறது ஆசிய அளவுல இறையியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் குடுக்கற வேற ஒரு அமைப்பு, எம்.டிவ் பெரும்பாலும் அந்த வழிதான். அங்கயும் நல்லா சொல்லிக்குடுக்கற எடங்க இருக்கு, நான் மட்டம்னு சொல்ல மாட்டேன். ஆனா சி.எஸ்.ஐ குருவானவரா ஆகணும்னா பி.டி.தான் ராஜபாட்டை. அதுக்கும் நீங்களா போய் அட்மிஷன் போட்டா பத்தாது, சேகர கமிட்டி (ஒரு ஐயர் பாத்துக்கற சபைங்களோட கமிட்டி) சிபாரிசு பண்ணணும், டயோசிஸ்ல (பிஷப்போட திருமண்டலத்துல) இன்டர்வியூ வச்சி தேர்ந்தெடுக்கணும், அவங்கதான் உங்கள படிக்க அனுப்புவாங்க. படிச்சு வந்தப்புறமும் ஒடனே அங்கி கெடைக்காது, பயிற்சி காலம், அப்புறம் டீக்கன் (உதவி குரு), அதுக்கப்புறந்தான் பிரஸ்பிட்டர் (முழு குரு).

கிரேக்கம் பயப்படாதீங்க. காலைல மொத வகுப்பு, தூக்கம் கலையாம முப்பது பேரும் சேர்ந்து லூஓ, லூஎய்ஸ், லூஎய்னு வாய்ப்பாடு மாதிரி கத்துவோம், ஒரு மாசத்துல நாக்குல ஒட்டிக்கும். அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான், அவ்ளோதான். எபிரேயம் வலதுலருந்து இடது, மொத வாரம் நோட்ட எந்த பக்கம் திறக்கறதுன்னே கொழப்பம். எனக்கு கஷ்டமா இருந்தது அதெல்லாம் இல்ல, படிச்சிட்டு சபைக்கு வந்து மூணாவது வாரத்துல ஒரு அடக்க ஆராதனை. கல்லறைல குழி வெட்டியாச்சு, பெட்டிய இறக்கற நேரத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சொத்து பேச்ச எடுத்து சட்டைய புடிச்சிட்டாங்க. நான் அங்கிய போட்டுக்கிட்டு ஜெப புஸ்தகத்துல பக்கத்த தேடிட்டு நிக்கறேன். கோயில் வேலை பாக்கற கோயில்குட்டியார்தான் ஓடி வந்து பிரிச்சி விட்டாரு. நாலு வருஷத்துல எந்த வகுப்புலயும் அந்த பக்கம் வரல.

இலுப்பைப்பூ:
ஐயா சொன்னது சி.எஸ்.ஐ கணக்கு. நான் மிஷனரி, ஜார்கண்ட்ல 9 வருஷமா இருக்கேன், திருநெல்வேலிக்காரன்தான். தம்பி நீங்க ஊழியம்னு மட்டும் சொல்றீங்க, சபை நடத்தவா, இல்ல எல்லைய தாண்டி போகவா, அத சொல்லவே இல்லியே. நம்ம ஆளுங்க 1903லயே இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சி தெலுங்கு பக்கம் டோர்ணக்கல் வரைக்கும் போனவங்க, 1959ல எஃப்.எம்.பி.பி (நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு) வந்துச்சு, இவங்களுக்கெல்லாம் தனியா பயிற்சி முறை இருக்கு, பி.டி இருந்தாத்தான் சேப்போம்னு எல்லாரும் கேக்கறதில்ல. நான் எம்.டிவ் முடிச்சிட்டு பெரிய ஆளுன்னு நெனச்சி வந்தேன். மொத வருஷம் ஒரு பிரசங்கம் கூட பண்ணல, பண்ண தெரியல, ஹிந்தியே தகராறு, அதுக்கு மேல அந்த ஊரு ஜனங்களோட சொந்த பாஷை வேற. பங்குனி சித்திரைல விடியகாலம் இலுப்பைப்பூ உதிரும், கிராமமே கூடைய எடுத்துட்டு போயிரும், நானும் ஒரு கெழவி பின்னாடி போய் குனிஞ்சி பொறுக்கிட்டே ஒவ்வொண்ணா பேரு கேட்டு கேட்டு கத்துக்கிட்டேன். நான் தப்பா சொன்னா அந்தம்மா கூடைய கீழ வச்சிட்டு சிரிக்கும். ஆனா செமினரில கிரேக்கம் படிச்சது வீண்னு சொல்ல மாட்டேன், வேற்று பாஷைக்கு முன்னாடி முட்டாளா உக்காந்து பழகுன பழக்கம் அங்க வந்ததுதான்.

வேதபாட_டீச்சர்:
மதிப்பு எதுக்கு ஜாஸ்திங்கற கேள்வியே தப்பு தம்பி, அக்கா பட்டு சொல்றேன் கேளுங்க. நான் பி.டி முடிச்சவ. டயோசிஸ் அனுப்பாம, சொந்த காசுல, அப்பா பி.எஃப் பணத்துல படிச்சேன். கைல டிகிரி இருந்தா எப்படியும் எடுத்துப்பாங்கன்னு நெனச்சேன். சி.எஸ்.ஐ.ல பொம்பளைங்களுக்கும் குருப்பட்டம் குடுக்கறாங்க, அது சட்டமாவே இருக்கு, ஆனா எங்க டயோசிஸ்ல நான் யார் லிஸ்ட்லயும் இல்ல. மூணு வருஷம் ஆபீசுக்கு நடந்தேன், அடுத்த கமிட்டிலம்மா அடுத்த கமிட்டிலம்மான்னு. இப்ப ஒரு ஸ்கூல்ல வேதபாடம் எடுக்கறேன், ஆறாங்கிளாஸ் பசங்களுக்கு யோனா கதை. அந்த வேலை புடிச்சிருக்கு, அது வேற விஷயம். உங்கள யாரு அனுப்பறாங்க, முடிச்சிட்டு வந்தா யாரு ஏத்துக்குவாங்க, அத எழுத்துல வாங்கிட்டு அப்புறம் எந்த டிகிரின்னு பாருங்க. உங்க கோயம்புத்தூர் பாஸ்டர் யூத் பாஸ்டரா வாங்கங்கறாரே, சம்பளம் எவ்ளோ, அவரு மாறிட்டா என்னாகும்னு கேட்டீங்களா?

இன்னொண்ணு, ஆறு மாசத்துல டாக்டரேட்னு வாட்ஸ்அப்ல வரும், பணத்த கட்டினா தொப்பி கவுன் போட்டு போட்டோ எடுத்து குடுப்பான். அந்த பக்கமே போகாதீங்க.

பம்ப்செட்_தம்பி:
ஐயா, அண்ணே, அக்கா எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்ட கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல, சம்பளம் பத்தி நான் கேக்கவே இல்ல. கூச்சமா இருந்துச்சு. வேலைய விடாம ஏதாச்சும் படிச்சி பாக்க முடியுமா? ஊர்ல ஐயர பாத்து பேசலாம்னும் இருக்கேன், அசனத்துக்கு (கோயில் விருந்துக்கு) லீவு போட்டு போறேன், ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் பேசிரவா?

சேகரத்து_ஐயர்:
பெங்களூர் டாஃப்டீங்கற அமைப்புல வீட்லருந்தே படிக்கற விரிவாக்க முறைல இறையியல் இருக்கு, செராம்பூர்லயும் பி.சி.எஸ்னு (பேச்சலர் ஆஃப் கிறிஸ்டியன் ஸ்டடீஸ்) வெளிலருந்து படிக்கறது இருக்கு. ஒரு வருஷம் ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்து பாருங்க, ஆசையா அரிப்பான்னு தெரிஞ்சிரும்.

ஞாயித்துக்கிழம மட்டும் போயிராதீங்க தம்பி. அசனம் வேற, அரிசி மூட்டை கணக்கு, பந்தல்காரன் பாக்கி, காணிக்கை எண்ற வேலைன்னு அவரு தலைய பிச்சிட்டு இருப்பாரு. திங்கக்கிழம ஒண்ணுதான் எங்களுக்கு தூங்கற நாள், அன்னைக்கும் வேணாம். செவ்வாக்கிழம சாயங்காலம் போங்க, அம்மாவையும் கூட்டிட்டு போங்க.