படிப்பை முடிக்கட்டுமா, என்பிஏ டிராஃப்டுக்குப் போகட்டுமா?

அமெரிக்கக் காலேஜ் கூடைப்பந்து பற்றித் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். அங்கே ஆடும் என் அக்கா மகனுக்கு 19 வயது, முதல் வருடம் முடிகிறது. என்பிஏ என்ற தொழில்முறை லீகின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன் என்கிறான். டிகிரி முடியட்டும் என்று அக்கா அழுகிறாள்.

வயது விதிப்படி தடையில்லை. முதல் சுற்றில் எடுத்தால் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அந்த உத்தரவாதம் இல்லை, என் பயமே அதுதான். கார்மெலோ ஆன்டனி ஒரே வருடம் காலேஜில் ஆடிவிட்டு 2003-ல் மூன்றாவது ஆளாகப் போனார், சரி. ஆனால் டிம் டங்கன் நான்கு வருடமும் முடித்து 1997-ல் முதல் ஆளாகப் போனாரே! 2021-க்கு அப்புறம் காலேஜில் இருந்துகொண்டே விளம்பரப் பணமும் வாங்கலாம். பொறுத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "அடுத்த வருடம் முழங்கால் போனால் என்ன பண்றது சித்தி?" என்று அவன் கேட்கும்போது மட்டும் வாயடைத்துப் போகிறேன்.

பெயர் கொடுத்துவிட்டு, கெடுவுக்குள் விலகி, மறுபடி காலேஜில் ஆடிய பிள்ளைகள் யாரையாவது தெரியுமா? எந்தச் சுற்றில் போவான் என்று என்பிஏ கமிட்டி தரும் மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம்? ஏஜென்ட் நீட்டும் எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது? சீக்கிரம் சொல்லுங்கள், நாள் அதிகம் இல்லை.