கடற்கரையில் கிடைத்த கட்டை, கொதிக்க வைத்தும் மிதக்கிறது. மீன் தொட்டிக்கு ஆகுமா?

அலைவாய்:
2 அடி தொட்டி, 60 லிட்டர் பிடிக்கும். நியான் டெட்ரா 10, செர்ரி இறால் கொஞ்சம். கடலூர் பக்கம் ஒதுங்கிய கட்டை, 40 செ.மீ. நீளம், பட்டை இல்லை, ஒரு பக்கம் கொட்டலசு (படகு, பாறையில ஒட்டுற ஓட்டு உயிரி) ஒட்டியிருக்கு. 2 மணி நேரம் கொதிக்க வெச்சாச்சு. தண்ணி டீ டிக்காஷன் மாதிரி ஆகுது, கட்டையோ மிதக்குது. பிளீச்சிங் பவுடர்ல ஊறவைக்கலாமா?

தொட்டிக்காரன்:
பிளீச்சிங் வேண்டவே வேண்டாம் சார். கட்டை குளோரினை உள்ள இழுத்துக்கும், அப்புறம் தொட்டியில கசிய விடும். கிருமிக்கு நீங்க கொதிக்க வெச்சதே போதும். அதுக்கு மேல மணிக்கணக்கா வேகவெச்சா நார் விட்டுப்போய் கட்டை சீக்கிரம் உளுத்துடும்.

உங்க கட்டைக்கு உப்புதான் சிக்கல். முதல்ல கொட்டலசை ஸ்க்ரூடிரைவரால நெம்பி எடுங்க. அது சுண்ணாம்பு, தண்ணியோட கடினத்தன்மையை ஏத்தும். கப்பல் புழு துளைச்ச ஓட்டை இருந்தா கம்பியை விட்டுக் குடைஞ்சு, ஹோஸ் பைப்பால அடிச்சுக் கழுவுங்க. அப்புறம் பக்கெட்ல முழுசா முங்குற மாதிரி நல்ல தண்ணி ஊத்தி, தினம் மாத்துங்க. டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கறது) இருந்தா கணக்கு சுலபம்: ஊத்தும்போது 300 காட்டின தண்ணி 24 மணி நேரம் கழிச்சு 450 காட்டினா உப்பு இன்னும் வெளிய வருதுன்னு அர்த்தம். வித்தியாசம் 20, 30க்குள்ள நாலஞ்சு நாள் நின்னா இறக்கலாம். 3 வாரம் ஆகலாம், 2 மாசமும் ஆகலாம்.

பாசிமணி:
ஊறப்போடுறதுக்கு முன்னாடி நகத்தால அழுத்திப் பாருங்க. நகம் இறங்கினா, இல்ல அழுகின முட்டை நாத்தம் அடிச்சா, தூக்கிப் போட வேண்டியதுதான். தைல மரம், வேம்பு, பிசின் வடியுற எந்தக் கட்டையும் ஆகாது. இறால் இருக்கறதால இன்னொண்ணு: செம்பு, பித்தளை அண்டாவுல கொதிக்க வைக்காதீங்க. இறாலுக்கு செம்பு விஷம்.

தொட்டிக்காரன்:
மிதக்குறது உள்ள இருக்கற காத்தால. ஊற ஊற அதுவே இறங்கும். அவசரம்னா அடியில கல்லைச் சேர்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்க. இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும். ஆனா கடப்பா கல் வேண்டாம், அது சுண்ணாம்புக் கல் வகை. கிரானைட் துண்டோ தரை டைல்ஸோ எடுத்து, துளை போட்டு முடுக்கி, மேல மணலைத் தள்ளி மூடிடுங்க. ஈரக் கட்டையில சிலிகான் ஒட்டாது, முயற்சி பண்ணாதீங்க.

அலைவாய்:
நன்றி. டீ நிறம் மீனுக்குக் கெடுதலா?

பாசிமணி:
இல்லை. அது டானின், மரத்துல இருந்து கசியுற துவர்ப்புப் பொருள். நியானோட சொந்த ஊர் ஆறுகள் பலதும் அந்த நிறம்தான். பிஹெச்சைக் கொஞ்சம் இறக்கும், அதாவது தண்ணியில அமிலத்தன்மை கொஞ்சம் கூடும். போர் தண்ணி கடினமா இருந்தா அதுவும் பெரிசாத் தெரியாது. நிறம் பிடிக்கலைன்னா வாரம் கால் பங்கு தண்ணி மாத்துங்க, ஃபில்டர்ல ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒண்ணு போடுங்க.

இறக்கின முதல் வாரத்துல கட்டை மேல வெள்ளையா, சளி மாதிரி படியும். அதைப் பார்த்துட்டுத்தான் நிறைய பேர் கட்டையைத் தூக்கி எறியறாங்க. இறால் அதை மேஞ்சு தீர்த்துடும்; ரொம்ப அடர்த்தியா இருந்தா மட்டும் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, சைஃபன்ல உறிஞ்சி எடுங்க.