ஒரே நாளில் இரண்டு முடிவு: பேராசிரியர் பாக்ஸ்டர் எந்தப் பக்கம்?

மூன்றாமாண்டு:
போட்டிச் சட்டத் தாளுக்கு வில்லியம் பாக்ஸ்டரைப் பற்றி செமினார் எடுக்கிறேன். ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர்; 1981-ல் ரீகன் அரசில் அமெரிக்க நீதித்துறையின் ஏகபோக எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவரானார். 1982 ஜனவரி 8 அன்று ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனத்தைப் பிரிக்க உடன்பாடு. அதே நாளில் கம்ப்யூட்டர் நிறுவனமான ஐபிஎம் மீதான ஏகபோக வழக்கு வாபஸ். இரண்டுமே ராட்சத நிறுவனங்கள்தானே? எனக்குப் பிடிபடவில்லை. சீனியர்கள் யாராவது சொல்லுங்கள்.

கறுப்புக்கோட்டு:
நான் பாடம் நடத்தும்போது வருடத்துக்கு ஒருவராவது இதைக் கேட்பார்கள். யார் பெரியவர் என்று பார்க்காதீர்கள், வாசல் யார் கையில் என்று பாருங்கள். எம்சிஐ என்ற போட்டி நிறுவனம் வெளியூர் அழைப்பை மலிவாகத் தர வந்தது. ஆனால் வீட்டுக்குள் போகும் கம்பி ஏடி அண்டு டி-யுடையது. போட்டியாளனிடமே சாவி வாங்கி உள்ளே நுழைய வேண்டும் என்றால் எப்படி? உள்ளூர்க் கம்பி ஒருவரிடம், வெளியூர் அழைப்பு (நம்மூர் எஸ்டிடி மாதிரி) இன்னொருவரிடம் இருக்கட்டும் என்றார் பாக்ஸ்டர். 1984 ஜனவரி 1 முதல் உள்ளூர்ச் சேவை 7 வட்டார நிறுவனங்களுக்குப் போனது.

ஐபிஎம்மிடம் அப்படி ஒரு வாசல் இருப்பதாக அவருக்குப் படவில்லை. 1969-ல் போட்ட வழக்கு; 13 வருடத்தில் கம்ப்யூட்டர் சந்தையே வேறாகிவிட்டது.

இன்னொன்று, இதை செமினாரில் விட்டுவிடாதீர்கள். நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஸ்மித், முன்பு ஏடி அண்டு டி குழுமத்தின் பசிபிக் டெலிபோன் இயக்குநர் குழுவில் இருந்தவர் என்பதால் தொலைபேசி வழக்கிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். பாதுகாப்பு அமைச்சர் வைன்பெர்கர் வழக்கைக் கைவிடச் சொன்னார். பாக்ஸ்டர் வாத்தியார் அசையவில்லை!

கணக்குப்பிள்ளை:
அவர் பெயரைச் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1982-ல் வந்த, நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவது (merger) பற்றிய வழிகாட்டுதல்கள்தான். சந்தை எவ்வளவு சிலர் கையில் குவிந்திருக்கிறது என்று அளக்க, சந்தைப் பங்குகளை வர்க்கப்படுத்திக் கூட்டும் ஹெர்ஃபிண்டால் குறியீடு அதில்தான் நுழைந்தது. நான்கு கம்பெனிகள், 30, 30, 20, 20 சதவீதம் என்று வையுங்கள். 900+900+400+400 = 2600. அந்த வழிகாட்டுதல்படி 1800-ஐத் தாண்டினாலே மிகவும் செறிந்த சந்தை. சின்னவர்கள் இருவரும் இணைந்தால் 40-இன் வர்க்கம் 1600, மொத்தம் 3400. போர்டில் போட்டுக் காட்டுங்கள், வகுப்பு தூங்காது.

மூன்றாமாண்டு:
கூடுதல் 800. அதாவது 2×20×20, முழுக் கணக்கும் போடவே தேவையில்லை போல! சரி, முதல் ஸ்லைடில் வாசல், இரண்டாவதில் இந்தக் கணக்கு. ஸ்மித் ஒதுங்கிய கதையைக் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

கறுப்புக்கோட்டு:
அதை முதலிலேயே சொல்லுங்கள். கேள்வி நேரத்தில், நிறுவனத்தைப் பிரித்த பிறகு உள்ளூர் தொலைபேசி பில் ஏன் ஏறியது என்றுதான் கேட்பார்கள், அதற்குத் தயாராகப் போங்கள்.